என் டபிள் கெப்பும் அருச்சனைப் பையும்

முன்னால் ஆட்களும் பின்னால் சாமானும் ஏற்றும் என் டபிள் கெப்பை நான் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன். வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் இவ்வளவு பெரிய வாகனம் எதற்கென்று கேட்காத உறவினர் இல்லை. கேட்டவர்கள் எல்லாம் வீடு மாற என்னிடம்தான் வந்தார்கள்.

அந்த வாகனத்தில்தான் ஒரு சத்தம் வந்தது. நேரே ஓடும்போது ஒன்றுமில்லை. கேற்றுக்குள் திருப்பினால் மட்டும் அடியில் கடக், கடக் என்று முனகிச் சில்லுகள் துள்ளின. பக்கத்துச் சீற்றில் இருந்த என் கணவர், சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாத மனுசன், உடனே நோயைச் சொல்லிவிட்டார்.

"கியர்பொக்ஸ் போச்சு. வித்துப்போட்டுச் சின்னக் கார் ஒண்டு எடுப்பம்."

"கியர்பொக்ஸ் எங்க இருக்கெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"சத்தம் வாற இடத்தில."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டாஞ்சேனைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, "ஒண்டுமில்லை அக்கா" என்றார். உண்மைதான், சத்தமே இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தோம். கேற்றடியில் கடக், கடக். மறுபடி கராஜ், மறுபடி சுகம். அடுத்த வெள்ளி பழையபடி முனகல். மெக்கானிக் என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்.

"இன்னொரு வெள்ளி பாப்பம்," என்றார் கணவர். "நிக்கேல்லையெண்டா விக்கிறதுதான்."

வேறு வழியில்லாமல் ஓம் என்றேன்.

கோயிலடியில் நிறுத்த இடம் கிடைக்காது. நான் வாகனத்திலேயே இருப்பேன், அவர் உள்ளே போய்வருவார். மற்ற வெள்ளிகளில் என் கண் ஓட்டோக்காரர்கள் மேல் இருந்தது. அன்றைக்கு ஏனோ அவரைப் பார்த்தேன். திரும்பி வந்து ஏறியவர், தேங்காயும் வாழைப்பழமுமாக இருந்த அருச்சனைப் பையை, கியருக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டி லீவரில் கொழுவினார். கனத்தில் லீவர் டக்கென்று பின்னால் சாய்ந்தது.

நாலு சில்லையும் சேர்த்து இழுக்கவைக்கும் லீவர் அது. சேற்றில் நல்லது. காய்ந்த தார் றோட்டில் இறுக்கித் திருப்பினால் சில்லுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். நாங்கள் வேண்டுமென்றே போட்டோமென்று நினைத்து, மெக்கானிக் ஒவ்வொரு முறையும் பேசாமல் அதை முன்னுக்குத் தள்ளியிருக்கிறார்.

"இதிலயோ பையைக் கொழுவுறனீங்கள்?"

"பின் சீற்றில வைச்சால் தேங்காய் உருளுது. சாமிச் சாமானைக் காலுக்குள்ள வைக்கேலுமோ?"

லீவரைத் தள்ளிவிட்டு ஓட்டினேன். கேற்றுக்குள் வாகனம் சத்தமில்லாமல் நுழைந்தது. எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"அதுசரி, ஒவ்வொரு வெள்ளியும் ஆரின்ர பேரில அருச்சனை?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"சத்தம் வந்த நாள் தொட்டு வாகனத்தின்ர பேரில. அந்தச் சத்தம் நிக்கவேணுமெண்டு. வித்தால் நீர் பிறகு அழுவீரெல்லோ. ஐயர் நட்சத்திரம் கேட்டார், உம்மடையைச் சொன்னனான்."