நான் தூக்கிய ஏழாவது வாக்குறுதி

என் மனைவியின் தம்பியைப் பற்றி எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் எங்கள் ஊரில் எந்தக் கட்சி ஜெயித்தாலும், தோற்றாலும், அதன் நோட்டீஸ் என் அச்சகத்தில் அடித்ததாகத்தான் இருக்கும். குப்பை கூட்டப் போன அச்சகத்தையே பின்னாளில் விலைக்கு வாங்கினேன். இதை வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

மச்சான் லைன்மேன். முப்பத்திரண்டு வயதில் ஒரு மழைநாளில் கம்பத்தில் ஏறினான். "ஆஃப் பண்ணியாச்சு, ஏறு" என்று போனில் சொன்னவன் நிறுத்தியிருந்தது வேறொரு லைனை. மச்சானின் வலது கை முழங்கையோடு போயிற்று. அதன்பின் பத்தொன்பது வருஷம் அவனைப் புகார் போன் எடுக்கும் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். இடது கையால் எழுதப் பழகினான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஆனால் ஒரு எழுத்து விடமாட்டான்.

அவனிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. என் வீட்டில் ஃபேன் சுவிட்சைத் தொடுவதற்குக்கூட, "போடுறேன்!" என்று குரல் கொடுப்பான். "போடு" என்று உள்ளேயிருந்து யாராவது சொன்னால்தான் போடுவான்.

"ஃபேனுக்கெல்லாம் முன்னறிவிப்பாடா? காத்து வேணும்னா மனு எழுதிக் கொடுக்கணுமா?" என்று அவன் அக்கா சிரிப்பாள்.

"சிரி அக்கா, நல்லா சிரி. ஆனா பதில் சொல்லிட்டுச் சிரி."

விருப்ப ஓய்வு பெற்றதும் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றான். ஏழு வாக்குறுதிகளை எழுதி என்னிடம் கொண்டுவந்தான். முதலாவது இது: 'மின்கம்பத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தக்காரரின் ஆளானாலும், ரப்பர் கையுறை. லைன் நிறுத்தியதாக எழுத்தில் கைக்கு வராமல் ஒருவரையும் ஏற்றக்கூடாது.' ரோடு, குடிநீர், பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அதற்குக் கீழே.

"மச்சான், கம்பத்துல ஏறுறவன் ஊர்ல எத்தனை பேரு? ரோட்டுல நடக்கறவன் எத்தனை பேரு? ரோட்டை மேல ஏத்து. நாப்பது வருஷமா நோட்டீஸ் அடிக்கிறவன் சொல்றேன்."

"கம்பத்துல ஏறுறவங்களுக்காகத்தான் அத்தான் நானே நிக்கறேன்."

"கடைசியில வச்சுக்கலாம்."

முதலாவதை அடித்துவிட்டு ஏழாவதாக எழுதினான். "சரி, கடைசியிலயே இருக்கட்டும். ஆனா இருக்கணும்."

புரூஃப் பார்க்கச் சொன்னேன். "நீங்க அடிக்கறதை நான் பார்க்கணுமா?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் கம்ப்யூட்டரில் டைப் செய்யும் பெண் கேட்டாள்: "ஐயா, ஏழும் அடங்கல. எழுத்தைச் சின்னதாக்கவா?"

"பொடி எழுத்தை எவன் படிப்பான்?"

"நம்ம அச்சகம் பேரு ரொம்பப் பெருசா இருக்கு, அதை வேணா..."

"அது இருக்கட்டும். கடைசி ஒண்ணைத் தூக்கு."

தேர்தல் நோட்டீஸில் அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது என் ஆசை. பத்தாயிரம் பிரதி அடித்தேன்.

முதல் நோட்டீஸ் கட்டை மின்வாரிய அலுவலக வாசலுக்கு நானே தூக்கிப் போனேன். காலையில் வேலைக்குக் கிளம்புகிற ஆட்கள் மச்சானைச் சூழ்ந்துகொண்டார்கள். குட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒப்பந்த ஆள் ஒருவன் நோட்டீஸை மேலிருந்து கீழே படித்தான். பின்பக்கம் திருப்பினான். வெற்றுத்தாள்.

"அண்ணே, எங்க விஷயம் எங்க?"

"கடைசியில பாரு."

"கடைசியில அச்சகத்து போன் நம்பர்தான் இருக்கு. எங்களுக்கு கரண்ட் அடிச்சா இதுக்குப் போன் பண்ணணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் யாரோ, "ஓட்டுன்னு வந்ததும் நம்மளைக் கழட்டி விட்டுட்டார்ப்பா" என்றார்கள்.

மச்சான் நோட்டீஸை வாங்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான்தான் எடுத்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவன் கிடையாது. அன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை.

"நான்தான் எடுக்கச் சொன்னேன். இடம் பத்தல" என்றான் மச்சான்.

திரும்பி வரும்போது, "நாளைக்கே வேற அடிச்சுத் தரேன்" என்றேன்.

"இப்பப் போட்டா, கேட்டதுக்காகப் போட்டதாத்தான் ஆகும். விடுங்க அத்தான்."

மின் ஊழியர் குடியிருப்பு வாக்குச்சாவடியில் அவனுக்கு ஒன்பது ஓட்டு விழுந்தது. அதில் இரண்டு அவனுடையதும் அவன் மனைவியுடையதும்.

நாலு மாதம் கழித்து குட்டை கம்பத்திலேயே போய்ச் சேர்ந்தான். வெறுங்கை. லைன் ஆஃப் என்று வாயால் சொன்னார்களாம். அஞ்சலி நோட்டீஸ் அடிக்க மச்சான் வந்தான். குட்டையின் படத்துக்குக் கீழே என்ன போட வேண்டும் என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தான். அந்த ஏழாவது வாக்குறுதிதான், வார்த்தை மாறாமல்.

"ஒரு எழுத்து விடாம போடுங்க. உங்க அச்சகம் பேரை எவ்வளவு பெருசா வேணும்னாலும் போட்டுக்கங்க."

அந்த நோட்டீஸில் மட்டும் என் அச்சகத்தின் பெயரை நான் போடவில்லை. அதை அவன் கவனித்தானா என்று தெரியாது.

இப்போதும் வீட்டுக்கு வருகிறான். சுவிட்சருகே நின்று, "போடுறேன்!" என்று குரல் கொடுக்கிறான். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நான், "போடு மச்சான்" என்கிறேன். போடமாட்டான். சமையலறையிலிருந்து அவன் அக்கா குரல் வரும்வரை, இருக்கிற அந்த ஒரு கையைத் தொங்கவிட்டபடி நிற்கிறான்.