கண்ணாடி போட்ட தளபதி

போன வாரம் கோவில்பட்டியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். செய்தித்தாளைக் கை எட்டும் தூரம்வரை தள்ளிப் பிடித்தும் எழுத்து பிடிபடவில்லை. கை இன்னும் ஒரு சாண் நீளமாக இருந்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. கடையிலிருந்த பெண் வட்டக் கண்ணாடி ஒன்றில் ஏதோ தண்ணீரைப் பீய்ச்சித் துடைத்தாள். அந்த நெடி பட்டதும் என் மூக்கு இருபது வருடம் பின்னால் போய்விட்டது. அது மண்ணெண்ணெய் இல்லை என்று தெரியும். ஆனால் அச்சாபீசில் பதினோரு வருடம் மண்ணெண்ணெயில் கை கழுவியவனின் மூக்குக்கு எல்லா நெடியும் அதுதான்.

தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சாபீஸ் அது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அங்கே கிடைத்த வேலை, பிலிமை விளக்குப் பலகையில் வைத்துச் சுத்தம் செய்வது. பிலிமில் எல்லாமே மாறித் தெரியும். கறுப்பாக அச்சாக வேண்டியது அதில் வெளிச்சமாக இருக்கும். சிவப்பு மையைத் தொட்டு வைத்தால் அந்த இடம் அச்சில் வராது. ஊசியால் சுரண்டினால் புதுக் கோடு விழும். பேச வேண்டாத வேலை, அதனால் பிடித்திருந்தது. கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை ரசம் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. இலையையே பார்த்துக்கொண்டிருப்பேன், பரிமாறுகிறவர் தாண்டிப் போய்விடுவார்.

யானை, ரயில், சேவல், ரோஜாப்பூ என்று எத்தனையோ லேபிள் என் கையில் பட்டுப் போயிருக்கின்றன. ஒரு மாசி மாதம், மெக்சிகோவுக்குப் போகிற தீப்பெட்டிக்காக ஒரு படம் வந்தது. யாரோ ஒரு ராணுவத் தளபதி. கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம். மீசை இல்லை. எங்கள் கரிசல் காட்டில் கண்ணாடி போட்ட வீரனை யார் பார்த்திருக்கிறார்கள்? பாஞ்சாலங்குறிச்சி வீரனைக் காலண்டரில் போட்டால் மீசை காதுவரை போகும். பழைய படம், ஏதோ கறை விழுந்திருக்கிறது என்று பாதி நினைத்தேன். கண்ணாடிதான் என்று பாதி தெரிந்தும் இருந்தது. சிவப்பு மையால் இரண்டு வட்டக் கோடுகளையும் அடைத்தேன். ஊசியை எடுத்து நல்ல மீசையாக ஒன்று வைத்தேன். முடித்ததும் எனக்கே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

மாதிரித் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் மெஷின்மேன் செல்லையா அண்ணாச்சி. கடம்பூர்க்காரர். "ஆளு கம்பீரமாத்தான் இருக்காரு" என்று சொல்லிப் போட்டார். லேபிள் முழுவதும் ஓடி முடிந்தது.

லேபிளை வெட்டிப் பெட்டியில் ஒட்டும் முன்னால் சரக்கைப் பார்க்க அந்த மெக்சிகோக்காரரே வந்துவிட்டார். குட்டையான, வயதான மனிதர். பேச்சை மாற்றிச் சொல்ல, தூத்துக்குடியிலிருந்து ஏற்றுமதி ஏஜென்ட் பாய் கூடவே வந்திருந்தார். மெக்சிகோக்காரர் லேபிளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது யாருன்னு கேக்காரு" என்றார் பாய்.

"அவிய ஊரு வீரர்தான். சுதந்திர தினத்துக்குத்தான இது?" என்றார் முதலாளி.

"சுதந்திர தினம் செப்டம்பர்லயாம். இது மே மாசம் வார வேற பண்டிகைக்காம். எல்லாரும் இப்படித்தான் தப்பாச் சொல்லுதாவன்னு சொல்லுதாரு."

மெஷின் ஓரத்தில் நின்றபடியே அவர் சொல்ல, பாய் வழியாக நாங்கள் கேட்டோம். 1862 மே ஐந்தாம் தேதி. பிரெஞ்சுக்காரன் நாட்டைப் பிடிக்க வருகிறான். அவன் படையை ஜெயிக்க உலகத்தில் ஆளில்லை என்று அப்போது பேச்சு. பூப்லா என்கிற ஊரில் இவர்கள் அவனை மறித்து நின்றார்கள். பழைய துப்பாக்கி; சில பேர் கையில் வெட்டரிவாள் மட்டும்தான். மழை வேறு பிடித்துக்கொண்டது. சாயங்காலம் பார்த்தால் பிரெஞ்சுக்காரன் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறான். தளபதிக்கு முப்பத்துமூன்று வயது. அந்த வருடம் பிறந்ததும்தான் அவர் மனைவி இறந்திருந்தாள். ஜெயித்த நாலு மாதத்தில் அவரும் காய்ச்சலில் போய்விட்டார்.

"பெறகு?" என்றார் செல்லையா அண்ணாச்சி.

"மறுவருசம் பிரெஞ்சுக்காரன் பெரிய படையோட வந்து அதே ஊரப் புடிச்சிட்டானாம்."

"அப்போ தோத்த கதையில்லா. இதுக்கா பண்டிகை?"

பாய் அதை மாற்றிச் சொல்லவில்லை. தானே பதில் சொன்னார். "ஏன் அண்ணாச்சி, பாஞ்சாலங்குறிச்சியில மட்டும் என்ன நடந்துச்சு? மண்கோட்டையக் கட்டி மொதல்ல வெள்ளக்காரன வெரட்டுனாவ. ரெண்டே மாசத்துல திரும்பி வந்து, கோட்டைய இடிச்சு ஆமணக்கு வெதச்சிட்டுப் போனான். நம்ம ஆளுக வருசாவருசம் அங்க திருவிழாவுக்குச் சோதி தூக்கிட்டு ஓடலையா?"

கடைசியில் பிரெஞ்சுக்காரனை அடியோடு விரட்டிய நாள் வேறு இருக்கிறதாம். ஆனாலும் பூப்லாவில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போவது இந்த நாளில்தான். யாராலும் முடியாது என்று எல்லோரும் சொன்னதை, கண்ணாடி போட்ட ஒரு சாதாரண மனிதன் ஒரே ஒரு நாள் செய்து காட்டினான் என்பதற்காக. "கண்ணாடியக் கழட்டிட்டா இது எவரோ ஒரு தளபதிங்காரு. மீசை கெடந்துட்டுப் போவட்டுமாம், இவரு தாத்தாவுக்கும் இருந்துச்சாம்" என்றார் பாய்.

முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். "எவம்ல அவரு கண்ணாடியக் கழட்டுனது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"மாதிரியில கையெழுத்து என்னுது, மொதலாளி" என்றார் செல்லையா அண்ணாச்சி.

"அப்போ இத முடிச்சுக் குடுத்துட்டு வேற எடம் பாத்துக்கிடும்."

அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

வட்டக் கண்ணாடிக்கு மட்டும் தனியாக ஒரு அச்சுப் பிளேட் போட்டு, அடித்த தாளையெல்லாம் திரும்பவும் மெஷினில் விட வேண்டும். மாசிக் காற்றில் கரிசல் தூசி பறந்து ஈர மையில் ஒட்டும் என்று ஷட்டரை இறக்கிவிட்டார்கள். மூன்று பகல் உள்ளே அவரும் நானும் மட்டும். அவர் மெஷினைப் பார்த்துக்கொள்ள, நான் தாள் எடுத்துக் கொடுத்தேன். தகரக் கூரை கொதித்தது. மூச்சு விட்டால் மண்ணெண்ணெயே உள்ளே போனது. சில தாளில் கண்ணாடி சறுக்கி மீசைமேல் உட்கார்ந்தது. "ஏலே, இவரு மோந்து பாத்துதான் சண்ட போட்டிருப்பாரு போல" என்று அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த ரீம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். முடிந்ததும் அடுத்த ரீம் என்று நினைப்பேன். ஷட்டருக்கு வெளியே போனால் சொல்ல வேண்டியிருக்குமே என்று, அது திறக்காமல் இருந்தாலும் நல்லது என்றும் தோன்றியது.

இரண்டாம் நாள் மத்தியானம் துணிந்து வெளியே வந்து முதலாளி அறை வாசல்வரை போய் நின்றேன்.

"என்னல?"

"மண்ணெண்ணெய் தீந்துபோச்சு, மொதலாளி."

தீரவில்லை. அரை டின் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு, "வாரேம்ல" என்று போனார். அவ்வளவுதான்.

ஏழெட்டு வருடம் கழித்து, கடம்பூரில் ஒரு போளிக் கடை அடுப்படியில் அவரைப் பார்த்தேன். ஒரு பொட்டலம் சொல்லிவிட்டு நின்றேன். "அண்ணாச்சி, அந்தக் கண்ணாடி..." என்று ஆரம்பித்தேன். அவர் கல்லில் போளியைத் திருப்பிப் போட்டார்.

"நீதான்னு அன்னைக்கே தெரியும்ல. செவப்பு மை தொடுத ஆளு அங்கன வேற எவன் இருந்தான்? அந்த மூணு நாளும் மெஷின அரை வேகத்துலதான் ஓட்டுனேன். நீ சொன்னா காதுல விழணும்லா."

பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்த அச்சாபீஸ் இப்போது இல்லை. படத்தைக் கம்ப்யூட்டரே பிளேட்டில் இறக்கிவிடுகிறது. பிலிமும் இல்லை, சிவப்பு மையும் இல்லை. மெஷினை எடைக்குப் போட்டுவிட்டார்கள். செல்லையா அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் கொஞ்ச நேரம் நின்று, மூன்று நாள் அந்த மெஷின் எவ்வளவு மெதுவாக ஓடியது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். முழு வேகத்துச் சத்தம்தான் வருகிறது.