சுபைர் போட்ட வாழ்த்துத் தடை

கள்ளக்குறிச்சியில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் உட்கார்ந்து நான் பத்திரம் எழுதுகிறேன். என் அறைக்கும் சுபைரின் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அங்கே யார் என்ன மனு போட்டாலும் என் காதில் விழாமல் போகாது. என்னை வம்பன் என்று சொல்பவர்கள் முதலில் அந்தத் தகரத்தை வந்து பார்க்கட்டும்.

பெயர்தான் ஜெராக்ஸ் கடை. சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், உதவித்தொகை, கல்லூரி விண்ணப்பம் என்று ஆன்லைனில் போட வேண்டிய எல்லாவற்றையும் சுபைர்தான் போட்டுத் தருவார். வெள்ளிமலைப் பேருந்தில் இறங்குபவர்களில் பாதிப் பேர் நேரே அவரிடம் வருவார்கள். மனுவில் மின்னஞ்சல் முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும், கட்டாயம் நிரப்பு என்று பக்கத்தில் நட்சத்திரம் இருக்கும். மலையில் மரவள்ளி நடுகிறவருக்கு ஏது மின்னஞ்சல்? எல்லாக் கடைக்காரர்களும் செய்வதைத்தான் சுபைரும் செய்தார், தன் முகவரியையே போட்டார். பத்து வருடத்தில் நானூறு குடும்பங்களின் தலையெழுத்து அவருடைய இலவசக் கணக்கு ஒன்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு நாள் அந்தக் கணக்கு பூட்டிக்கொண்டது. நடமாட்டம் சந்தேகமாக இருக்கிறதாம், நீங்கள்தான் நீங்கள் என்று நிரூபியுங்கள் என்றது. நானூறு பேர் பெயரில் கடிதம் வாங்கும் ஆளைப் பார்த்து அப்படிக் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றேன். பத்து நாள் என்னோடு பேசவில்லை அவர். போய் நிற்க ஆபீஸ் கிடையாது, கெஞ்ச அதிகாரி கிடையாது. தாலுகா ஆபீசிலாவது கொஞ்சம் சத்தம் போட்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

பதினோராம் நாள் அவரே வந்தார்.

"அடுத்தவன் வூட்ல பொட்டிய வெச்சா இப்டிதான் ஆவும், காசி அண்ணே. நம்ம பொட்டி நம்ம வூட்ல இருக்கணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. யாரோ வேண்டாம் என்று தூக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, தூசு தட்டி, புது டிஸ்க் போட்டு, வீட்டுச் சமையலறைப் பரணில் ஏற்றினார். அங்கே ஏற்கெனவே இருந்த பிரியாணி தேக்சா கீழே இறங்கியது. மாறாத இணைய எண் ஒன்று வேண்டும் என்று இணைப்புக் கொடுத்தவரிடம் ஆறு வாரம் நடந்தார். "வூட்டுக்கு இன்னாத்துக்கு சார் அது?" என்று அவர் கேட்டதற்கு, தபால் ஆபீஸ் வைக்கப் போகிறேன் என்றார் சுபைர். மலைப் படம் போட்ட ஒரு வலைப்பக்கம், அதன் மேல் 'கல்வராயன் தபால்' என்ற பெயர், ஆளுக்கொரு முகவரி. எனக்கும் ஒன்று கொடுத்தார். மூன்று வருடமாகியும் அதில் இன்னும் ஒரு கடிதம் வரவில்லை, அது அவர் குற்றமில்லை.

"கரண்டு போனா எங்களுக்கு ஃபேன் கெடையாது, அதுக்கு மட்டும் ஓடும்" என்பார் அவர் மனைவி நௌஷீன். இன்வெர்ட்டர் முழுவதும் பரணுக்கே போய்விட்டிருந்தது.

கடிதம் வாங்குவதில் சிக்கல் இல்லை. அனுப்பினால்தான் தொல்லை. வீட்டுப் பரணிலிருந்து வரும் கடிதம் என்றால் பெரிய கம்பெனிகள் மதிக்கவில்லை, நேரே குப்பைப் பெட்டியில் போட்டன. அதனால் சுபைர் ஒவ்வொரு மின்னஞ்சலும் அனுப்பிய கையோடு போன் போட்டு, "சார், ஸ்பேம்ல கொஞ்சம் பாருங்க" என்று கெஞ்சுவார். யார் தயவும் இல்லாமல் இருப்பதற்கு அவர் இவ்வளவு பேர் தயவைத் தேட வேண்டியிருந்தது.

இப்போது சுபைர் போட்ட தடைச் சட்டத்துக்கு வருகிறேன்.

கச்சிராயபாளையம் கந்தசாமிக்கு ஒரு கடிதம் வந்தது. வாழ்த்துகள், உங்கள் மகன் வெளிநாட்டு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான், முன்பணம் கட்டவும். கந்தசாமி இரண்டு ஆட்டை விற்றுக் கட்டினார். அதோடு அந்தக் கம்பெனி மறைந்துவிட்டது. தான் கொடுத்த முகவரி வழியாகவே திருடன் நுழைந்துவிட்டான் என்று சுபைருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை என்று நௌஷீன் என்னிடமே வருத்தப்பட்டார். மூன்றாம் நாள் பரணிலிருந்த சர்வரில் ஒரு விதி எழுதினார். தலைப்பில் 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்றோ, 'வாழ்த்துகள்' என்றோ, 'தேர்வாகியுள்ளீர்கள்' என்றோ எது வந்தாலும் உடனே அழித்துவிடும். அனுப்பியவனுக்குத் தகவலும் போகாது.

"திருடனுக்கு இன்னாத்துக்கு பதிலு?" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் நடையே மாறிவிட்டது. ஒரு திருட்டுக் கடிதம்கூட உள்ளே வரவில்லை என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார். நானும் தலையாட்டுவேன்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் சாமை விதைப்பவர் கொளஞ்சியப்பன். அவர் மகள் எழில்மதி பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துத் தேறியவள். கோயம்புத்தூரில் ஓர் அறக்கட்டளை லேப் டெக்னீசியன் பயிற்சி தருகிறது, தங்க இடமும் சாப்பாடும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மே மாதத்தில் சுபைர்தான் அவளுக்கு விண்ணப்பம் போட்டார். அந்த இடம் கிடைக்காவிட்டால் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போக வேண்டியதுதான், வேறு வழியில்லை என்று அவளே சொன்னாள். அவள் ஊரில் டவர் கிடையாது. பாறை ஒன்றின் மேல் ஏறி நின்றால் போனில் இரண்டு கோடு தெரியும். தினமும் ஏறிப் பார்த்தாள், பெட்டி காலியாகவே இருந்தது. வாரம் ஒருமுறை கொளஞ்சியப்பன் இறங்கி வருவார்.

"பாய், எம் பொண்ணுக்குக் கடுதாசி வந்துதா?"

"வர்லீங்க அண்ணே. வந்தா நானே மலைக்குப் போற ஜீப்ல சொல்லி அனுப்பறேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போவார். ஒரு தடவைகூட முகம் சுளித்தது கிடையாது.

ஜூலையில் ஒரு புதன்கிழமை அப்பாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். உள்ளே நுழைந்த வேகத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. பேனாவை மூடிவிட்டு நானும் அந்தப் பக்கம் போனேன்.

"தேவிப்ரியா திங்கக்கெழமையே கோயம்புத்தூர் போய்ச் சேந்துட்டா, அண்ணா" என்றாள் எழில்மதி. "எங்கூடப் படிச்சவ. மார்க்கு என்னைவிட கம்மி. வேற கடையில அப்ளிகேஷன் போட்டா. எனக்கு ஏன் வரல?"

சுபைர் பொறுமையாகக் கணினியைத் திருப்பிக் காட்டினார். "பாரு எழிலு, பொட்டி காலி. வராததுக்கு நான் இன்னா பண்றது?"

"வராதது வேற, வந்து காணாமப் போனது வேற. உள்ள வந்துது, போச்சுன்னு சர்வர்ல பதிவு இருக்கும்ல, அதுல தேடுங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் தேடினார். அவள் பெயரைத் தட்டினார். ஒரே ஒரு வரி வந்தது. சிரிப்பு நின்றது.

பன்னிரண்டு நாள் முன்பு, காலை பத்தே காலுக்கு, அறக்கட்டளையிலிருந்து. தலைப்பு: கங்கிராஜுலேஷன்ஸ் எழில்மதி, நீங்கள் தேர்வாகியுள்ளீர்கள், ஜூலை ஏழு திங்கட்கிழமை வந்து சேரவும். வரியின் கடைசியில் ஒரு சொல்: அழிக்கப்பட்டது.

கொளஞ்சியப்பனுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா போட்டுருக்குது?" என்றார்.

"எனக்குக் கெடைச்சிருக்குதுப்பா."

அந்த மனிதர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். "எப்ப போவணும்?"

"திங்கக்கெழம."

"அது முந்தாநாளு ஆச்சே."

சுபைர் அறக்கட்டளைக்குப் போன் போட்டார். இதுவரை ஸ்பேமில் பாருங்கள் என்று கெஞ்சிய குரல் இன்று வேறு மாதிரிக் கெஞ்சியது. வராதவர்களின் இடம் காத்திருப்போருக்குப் போய்விட்டது, அடுத்த பிரிவு ஜனவரியில், புதிதாக விண்ணப்பம் போடுங்கள் என்றார்கள். ஆறு மாதம்.

எல்லா ஆபீசிலும் சொல்கிற 'சர்வர் ப்ராப்ளம்' என்ற சொல் அவர் வாய்வரை வந்திருக்கும். யார் சர்வர் என்று கேட்டால் என்ன சொல்வார்?

"நான்தான் அண்ணே அழிச்சேன்" என்றார். "திருட்டு லெட்டர் வரக் கூடாதுன்னு ஒரு ரூல் எழுதி வெச்சேன். அது இதையும் தின்னுடுச்சு."

நம்பமாட்டார்களோ என்று விதியைத் திறந்தும் காட்டினார். மொத்தம் ஏழு வரிதான். எழில்மதி குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இதுல மூணு பேரு இருக்குதே. சுபைர், நௌஷீன், ஹப்சா. இவங்களுக்கு மட்டும் அழிக்காம விட்டுடணும்னு எழுதியிருக்கீங்க."

"அது நம்ம வூட்டு ஆளுங்க. ஹப்சா என் பொண்ணு. அந்த வருஷம் காலேஜுக்குப் போட்டிருந்தா. அவளுக்கு நெஜமாவே வரும்னு..."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான். மலையிலிருந்து வரும் நானூறு வீட்டில் ஒருவருக்குக்கூட இதுவரை ஒரு வாழ்த்து வரவில்லையே என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் தோன்றவில்லை. அவர்களுக்கு வந்தால் அது திருட்டாகத்தான் இருக்கும் என்பது எங்களுக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது.

சுபைர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். "நாலாவதா உம்பேரைச் சேத்துடறேன் எழிலு. ஜனவரில ஒரு லெட்டரும் தப்பாது."

"அதச் செய்யி பாய்" என்றார் கொளஞ்சியப்பன், உடனே.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. "அஞ்சாவதா யாரு அண்ணா? யாருக்கு வரும்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?"

சுபைர் ஏழு வரியையும் அழித்தார். ஜனவரி விண்ணப்பத்தை அப்போதே நிரப்பினார்கள். மின்னஞ்சல் கட்டம் வந்ததும் அவர் கையை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, கல்வராயன் தபாலில் இருந்த தன் பழைய முகவரியையே போட்டாள். அதற்கு அவர் நன்றி சொன்னார். கடைக்காரர் மனு போட வந்தவளுக்கு நன்றி சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எழுந்து போகும்போது கொளஞ்சியப்பன் தயங்கினார்.

"பாய், அந்த ஒரு வரிய காயிதத்துல அடிச்சுக் குடு. கெடைச்சுதுன்னு இவ அம்மாகிட்ட காட்டணும். ஊர்லயும் நாலு பேரு கேப்பாங்க."

சுபைர் அந்த வரியை மட்டும் தனியாக எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, நடுவில் வைத்தார். கடைசியில் நின்ற 'அழிக்கப்பட்டது' என்ற சொல்லின் மேல் போய் அம்புக்குறி நின்றது. சத்தமில்லாமல் அதை நீக்கப் போனார்.

"முழுசா அடிங்கண்ணா" என்றாள் எழில்மதி.