ஒரே அட்டையில் இரண்டு பெயர்கள்

அன்று காலையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது கைப்பேசியில் மாரிமுத்து அண்ணனின் தங்கை தங்கத்தின் குரல் பதிவு வந்தது. "ராஜம், அண்ணே போயிட்டாருலா. நாலு மணிக்கு எடுக்குறோம். வந்துரு." ஈப்போவிலிருந்து அவர்கள் இருக்கும் செமோருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் புடவை மாற்றிக்கொண்டு காரில் ஏறவே எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த வீட்டுக்குள் நுழையப் பயமாக இருந்தது. ஏன் என்பது மாரிமுத்து அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கே வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் லாரி ஓட்டுநர். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களோடு பால்மரம் வெட்டிப் பாலெடுத்த மாரிமுத்துவை அறிந்தவர்கள் சில பேர்தான் மிஞ்சியிருக்கிறோம். அறுபதுகளில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ரேடியோ இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான். ஞாயிறு மதியம் நேயர் விருப்பம் வந்தால் அவர் வாசலில் இடம் இருக்காது. அந்தக் காலத்துப் பாட்டு என்றால் சும்மாவா? புல்லாங்குழல் தொடங்கியதுமே எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவோம். ஆனாலும் பாட்டைவிட எங்களுக்குப் பெரிது, அதற்கு முன்னால் வாசிக்கும் பெயர்கள்தான். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது மண்டோர் அதட்டிக் கூப்பிடும் அதே பெயர்களை ரேடியோவில் ஒருவர் மரியாதையாகச் சொல்லக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். எங்களை வேலை வாங்கும் அந்த மண்டோர் என் அப்பா.

பாட்டு கேட்டு ரேடியோவுக்கு லயத்துக்கே அஞ்சலட்டை எழுதித் தருபவர் அண்ணன்தான். அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஆண்கள் பெயருக்கு ஓர் அட்டை, பெண்கள் பெயருக்கு வேறோர் அட்டை. கல்யாணமானவர்களை மட்டும் சேர்த்து எழுதுவார். நாங்கள் கேலி செய்தால், "சிரிக்காதீங்க. ஒருத்தவங்க பேர எழுதுறப்ப கை கொஞ்சம் நடுங்கணும்" என்பார். வாராவாரம் அட்டைகளை ரப்பர் வளையத்தில் கட்டி, சைக்கிளில் போய்த் தபாலில் போட்டு வருவார்.

எனக்கு அப்போது பதினேழு வயது. கை நடுங்கவில்லை. அடுத்த லயத்துச் சந்திரன் மீது எனக்கு ஆசை. அவனோடு நாலு வார்த்தை பேசியதுகூட இல்லை. ஒரு காதல் பாட்டுக்கு எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து எழுதி, அண்ணன் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து அவர் கட்டுக்குள் செருகிவிட்டேன். ஊரில் எத்தனையோ ராஜம், எத்தனையோ சந்திரன் என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்தின் பெயரையும் எழுதித் தொலைத்ததுதான் என் புத்திசாலித்தனம்.

மூன்றாவது ஞாயிறு எங்கள் பெயர்கள் வந்தன. சந்திரன், ராஜம். இடையில் மூச்சுவிடும் நேரம்தான். அப்பா எழுந்தார். பாட்டு பாதியில் இருக்கும்போதே ரேடியோவை அணைத்தார்.

"எவன் எழுதுனது?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒருமுறை என்னைப் பார்த்தார். என் முகமே அவருக்குச் சொல்லியிருக்கும்.

"நான்தான் மண்டோரே. ரெண்டு அட்டைய ஒண்ணாக்கி எழுதிட்டேன். தப்பு எம்மேலதான்."

அப்பா அவரை அத்தனை பேர் முன்னால் அறைந்தார். ஒரு அறையோடு நிற்கவில்லை. அண்ணன் கையைக்கூட உயர்த்தவில்லை. அந்த அடி எனக்கு விழ வேண்டியது என்று தெரிந்தே நான் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு யாரும் அவரிடம் அட்டை எழுதக் கொடுக்கவில்லை. ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் அவருக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டார், பெண்பிள்ளை பெயரோடு விளையாடுகிறவனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒரே ஒருமுறை குழாயடியில் என்னிடம் சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் தேடிப் புடிச்ச ராஜம். போ, அழாத." அவ்வளவுதான். சந்திரன் அந்த மாதமே வேலை தேடிக் கிளம்பிப் போய்விட்டான். எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, நல்லபடியாக வாழ்ந்தும் ஆயிற்று.

செமோர் வீட்டில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு பழைய தோட்டத்துக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "இவருதான்லா அந்தக் காலத்துல பொம்பளப் புள்ள பேர ரேடியோல போட்டு ஒத வாங்குனவரு" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். தங்கம் திரும்பினாள். "எங்கண்ணே தப்பா எழுதுற ஆளே கெடையாது. எப்படி எழுதுனாருன்னு எனக்கு இன்னிக்கும் புரியல" என்று என்னிடம் சொன்னாள். பக்கத்தில் என் வீட்டுக்காரர். இப்போதாவது சொல் என்று மனம் அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் உறுமி மேளம் தொடங்கியது, எல்லோரும் எழுந்தார்கள். சத்தத்தைச் சாக்காக வைத்து நான் மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன். என்னைப்போல் ஒரு கோழை கிடையாது.

கருமாதியன்று வாசிக்க ஏதாவது எழுதித் தா என்று தங்கம் கேட்டாள். "ஒனக்குத்தான் அண்ணன நல்லா தெரியும்" என்றாள். நேற்று இதையெல்லாம் முதலில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை கழுவி வந்த பிறகுதான், "எல்லார் முன்னாடியும் நீயே வாசி. நானும் வாரேன்" என்றார்.

ஆகவே, அவரை அறிந்தவர்களே, சிரித்தவர்களே, அந்த அட்டையை எழுதியவள் நான். மாரிமுத்து அண்ணன் யாருடைய பெயரையும் ஒருநாளும் தவறாக எழுதியதில்லை.

தங்கம், உன் அண்ணனின் பழைய ரேடியோவை என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னாய். இதைக் கேட்ட பிறகும் உனக்கு மனம் வந்தால் கொடு. வராவிட்டால் நான் கேட்கமாட்டேன். அவர் இத்தனை வருடம் வைத்திருந்த பொருள்களில் என்னுடையது ஒன்றுதான், அந்தப் பழி. அதை நான் வாங்கிக்கொள்கிறேன்.