இரண்டு நிமிடம் ஓடும் வண்டி

அம்சம் அண்ணியை அண்ணன் அடித்த நாட்களில் நான் விடுதியில் இருந்தேன் என்று பலமுறை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் மட்டும் வீட்டில் இருந்தேன்.

1995. சம்பா நட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் முறையன்று பக்கத்து ஊர் ரெத்தினம் மடையை அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார். கேட்கப் போன அப்பாவை மண்வெட்டிக் காம்பால் மண்டையில் அடித்துச் சேற்றில் தள்ளினார். அப்பாவைக் கட்டிலில் கிடத்தியபோது மணி பதினொன்று. அண்ணி தன் பழைய பச்சைச் சேலையைக் கிழித்துக் கட்டினார். கட்டையும் மீறி ரத்தம் காதுக்குள் இறங்கியது.

நெடுஞ்செழியன் அண்ணன் அரிவாளைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டினார். ரெத்தினத்தின் மோட்டார் கொட்டகை ஆறு கிலோமீட்டர். மதியச் சோறு வரும்வரை அங்கே அவர் தனி ஆள். அண்ணன் வண்டியை உதைத்தார். படபடவென்று அடித்துக் கரும்புகை கக்கி, இரண்டு நிமிடத்தில் நின்றது.

சிங்கப்பூரில் மூன்று வருடம் கல் சுமந்து என்னை இன்ஜினியரிங் படிக்கவைத்தவர் அவர். என் பிடரியைப் பிடித்து வண்டிப் பக்கம் தள்ளினார்.

"படிக்க வச்சதுக்கு இன்னைக்கு ஒருநாளாவது பிரயோஜனப்படு."

பிளக்கைக் கழற்றினேன். கரியாக இருந்தது. உப்புத்தாளில் தேய்த்து இன்ஜினில் வைத்துப் பார்த்தேன். பொறி நீலமாக வந்தது. மறுபடி இரண்டு நிமிடம் ஓடி நின்றது. அண்ணன் என் முதுகில் மிதித்தார். கார்புரேட்டர் கிண்ணத்தை இறக்கினேன். பெட்ரோலில் தண்ணீர் இல்லை. பெட்ரோல் போகும் ஜெட்டை ஊதி வெயிலில் பிடித்தேன், ஓட்டை தெரிந்தது. சோக்கும் திறந்துதான் இருந்தது. மறுபடி கரும்புகை. இந்தமுறை கன்னத்தில் அறை. உதடு கிழிந்து உப்புக் கரித்தது. ஆனாலும் மனம் ஒரு கணக்கைப் போடுவதுபோலச் சுறுசுறுப்பாக இருந்தது. பெட்ரோல் வருகிறது, பொறி வருகிறது, காற்றுதான் போதவில்லை. வண்டி ஓடினால் ஒரு ஆள் சாவான் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே அருவருப்பு வருகிறது.

பக்க மூடியைத் திறந்தேன். காற்று வடிகட்டியின் வாயில் பச்சைத் துணி திணித்திருந்தது. அப்பாவின் தலையில் இருந்த அதே சேலை.

எங்கள் பக்கம் டீசல் மோட்டார் நிற்காமல் அடம்பிடித்தால் காற்று வாயில் சாக்கைத் திணித்து மூச்சை அடைப்பார்கள். அண்ணி பிறந்த வீட்டில் அது தினப்படி வேலை.

தலையைத் தூக்கினேன். அடுப்படி வாசலில் நின்ற அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். துணியை எடுத்தால் ரெத்தினம். எடுத்துக் காட்டினால் அண்ணி. மூடியை மூடித் திருகினேன்.

"வால்வு போயிடுச்சுண்ணே. தஞ்சாவூர் கொண்டுபோகாம ஆகாது."

ஸ்பேனர் என் இடது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வண்டியை உதைத்துச் சாய்த்தார். குறுக்கே வந்த அண்ணியைத் தாடையில் குத்திக் கீழே தள்ளிவிட்டு, அரிவாளோடு வரப்பில் இறங்கி நடந்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ரெத்தினத்தைச் சுற்றிச் சோறு கொண்டுவந்த ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அரிவாள் முதல் வீச்சில் கதவில் பதிந்து நின்றது. பிடித்துக் கட்டிவைத்து, பல் உடையும் வரை அடித்துப் போலீஸில் கொடுத்தார்கள். நான்கு மாதம் உள்ளே இருந்தார்.

அன்று மாலை அண்ணிதான் துணியை உருவினார். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"உங்க அண்ணன் வந்து, வண்டி எப்படி ஓடுதுன்னு கேட்டா என்ன தம்பி சொல்லுவீங்க?"

"வால்வு மாத்துனேன்னு சொல்றேன் அண்ணி."

"மாத்துன பழசு எங்கன்னு கேப்பாங்க."

அது எனக்குத் தோன்றவே இல்லை. கட்டுப் போட்ட கையோடு தஞ்சாவூர் போய், ஒரு பட்டறையின் கழிவு டப்பாவில் தேடி, விளிம்பு எரிந்த வால்வு ஒன்றைக் கொண்டுவந்தேன்.

வெளியே வந்த அன்றே அண்ணன் பழைய வால்வைக் கேட்டார். கொடுத்தேன். வெளிச்சத்தில் வெகுநேரம் புரட்டிப் பார்த்தார்.

"இத்தனூண்டு சாமானாலதான்டா அவன் பொழைச்சுக் கெடக்கான்."

வாசலுக்குப் போய் அதை வாய்க்காலில் வீசினார். அண்ணி சோறு போட இலையை விரித்தார்.