கடைப் பெயரோடு தொலைபேசி இலக்கமும்

அந்த மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட நான் முடிவெடுத்ததற்குப் பெருந்தன்மை காரணமில்லை. களைப்புத்தான் காரணம்.

அது செய்வது சின்ன வேலை. கணினியில் சேர்ந்து கிடக்கும் பழைய கோப்புகளைச் சுருக்கி ஒரே கட்டாகக் கட்டி வைக்கும். வேண்டும்போது அவிழ்த்துத் தரும். இதற்கு எத்தனையோ மென்பொருள்கள் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்துப் பழைய கணினிகளில், தமிழில் பெயரிட்ட கோப்பைக் கட்டி அவிழ்த்தால் பெயர் முழுவதும் கேள்விக்குறியாக வரும். எது கூட்ட அறிக்கை, எது அங்கத்தவர் பட்டியல் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். நானும் என்னோடு படித்த காத்தான்குடித் தோழியும் பல்கலைக்கழக இறுதியாண்டில் அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதினோம். எழுதிய இடம் அவளுடைய நானாவின் கணினிக் கடை. தங்கைக்குத் தந்ததுபோலவே எனக்கும் ஒரு கதிரையும் மின்சாரமும் நாளுக்கு இரண்டு பிளேன்டீயும் தந்தார்.

எங்கள் ஊர்களில் விளையாட்டுப் போட்டிக்கோ கலைவிழாவுக்கோ நோட்டீஸ் அடித்தால், அனுசரணை தந்தவரின் பெயர் அடியில் வராமல் இருக்காது. அந்தப் பழக்கத்தில் நாங்களும் மென்பொருளை எழுதிய நிரலின் தலைப்பில் ‘உரிமை’ என்று போட்டு, எங்கள் இருவர் பெயருக்கும் கீழே கடையின் பெயரையும் எழுதினோம். அனுசரணை என்று எழுதியிருக்க வேண்டும். அப்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பென் டிரைவில் கைமாறிக் கைமாறி அது பரவியது. கூடவே வாய்வழியாக என் தொலைபேசி இலக்கமும் பரவியது. ஒரு மாதம் யார் யார் போன் எடுத்து உதவி கேட்கிறார்கள் என்று எழுதி வைத்தேன். களுதாவளையில் ஒரு மாதர் சங்கத் தலைவி: கடவுச்சொல் மறந்துபோயிற்று. வாவிக்கரையில் மீனவர் சங்கச் செயலாளர்: புதுக் கணினி, கட்டு அவிழவில்லை. வயல் வட்டைக்குப் பொறுப்பான விதானையார் ஒருவர்: விதைப்புக் கூட்டப் பதிவுகள் விடிந்தால் வேண்டும். ஆரையம்பதியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் ஸ்டூடியோக்காரர்: இவர் போன் எடுப்பதில்லை, நேரே வந்து கேற்றைத் தட்டுவார். பட்டியல் மூன்றாம் பக்கத்துக்குப் போனதும் எழுதுவதை விட்டுவிட்டேன்.

எனக்கு மட்டக்களப்பு நகரில் முழுநாள் வேலை. மத்தியானச் சோற்றுப் பார்சலை அவிழ்த்த கையோடு எத்தனையோ பேருக்குக் கட்டு அவிழ்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நிறுத்திவிடவும் முடியாது. அவர்கள் கட்டி வைத்ததைத் திறக்க வேறு எதுவும் இல்லை. திறக்கும் வழி எங்கள் நிரலில் மட்டுமே இருந்தது. அந்த நிரலை வெளியே வைத்தால் யாராவது படித்து, திருத்தி, பொறுப்பெடுப்பார்கள். நான் விடுபடலாம்.

உரிம நிபந்தனைகளை ஒரு பக்கத்துக்குள் எழுதினேன். யாரும் பாவிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். தலைப்பில் உள்ள உரிமைக் குறிப்பு ஒவ்வொரு பிரதியிலும் அப்படியே இருக்க வேண்டும், திறக்கும் திரையிலும் தெரிய வேண்டும். பாவித்து ஏதும் பிழைத்தால் எங்களைக் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி வரிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

உரிமை மூன்று பேருக்கு என்றால் மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். தோழி இப்போது தோஹாவில். “ஓம், போடுகா. இதுக்கு என்னக் கேக்கவும் வேணுமா” என்று எழுதினாள். மிச்சம் நானாவின் கடை.

ஒரு சனிக்கிழமை போனேன். நானா பிரிண்டர் ஒன்றைக் கழற்றி வைத்திருந்தார். இலவசமாகக் கொடுப்பதில் அவருக்கு மறுப்பில்லை, அவரும் அப்படித்தான் கொடுத்து வந்தார். நிரலையும் சேர்த்துக் கொடுப்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

“புரியாணியக் குடுக்கிற சரி தங்கச்சி. அடுப்பையும் களட்டிக் குடுக்கிறதா?”

அடுப்பைக் கொடுத்தால் நாங்கள் சமைக்கத் தேவையில்லை என்றேன். சிரித்தார். தன் கடைப் பெயரை எதிர்க்கடைக்காரன் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறேன், ஆனால் யாராவது எடுத்தால் துரத்திப் பிடிக்க என்னிடம் தெம்பில்லை என்று உள்ளதைச் சொன்னேன். பக்கத்தை இரண்டு முறை வாசித்தார்.

“அப்ப பேரோட கட நம்பரையும் போடுங்க. பேரு மட்டும் கிடந்தா எந்தக் கடையெண்டு ஆருக்கு விளங்கும்?”

அவர் மனதில் இருந்தது நோட்டீஸ். தலைப்பில் இலக்கம் இருந்தால், உதவி வேண்டுகிற எல்லோரும் அந்த இலக்கத்துக்குத்தான் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் இலக்கம் அதில் இல்லை என்பதும் தெரியும். வாயைத் திறந்தேன். பிறகு, சரி நானா என்று மட்டும் சொன்னேன். அவர் கையெழுத்திட்டார்.

வெளியிட்டுச் சில கிழமைகளில் மன்னாரிலிருந்து ஒருவர் அதைப் புதுக் கணினிகளுக்கு ஏற்பத் திருத்தினார். கனடாவிலிருந்து இன்னொருவர் கைபேசிக்கு மாற்றினார். இருவரும் நல்ல மனிதர்கள். நிபந்தனைப்படி தலைப்பை அப்படியே வைத்திருந்தார்கள். என் போன் மெல்ல மெல்ல அடங்கியது. மத்தியானச் சோற்றை ஒரே இருப்பில் சாப்பிட முடிந்தது.

நானா முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் போன் எடுத்தார். மலேசியாவிலிருந்து கோல் வந்ததாம், கடைப் பெயரைச் சொல்லிக் கேட்டார்களாம். மூன்றாம் கிழமை எடுத்தபோது குரல் மாறியிருந்தது. ஒருக்கா வந்துவிட்டுப் போகச் சொன்னார்.

போனபோது கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் யாருக்கோ போனில், கட்டை அவிழ்க்க முதல் எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியாமலே சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இந்த நம்பர எடுக்க ஏலாதா?”

“எங்கட கொப்பியில எடுக்கலாம் நானா. வெளிய போனதுகளத் திருப்பிக் கூப்பிட ஏலா. அப்பிடித்தான் எழுதிக் குடுத்தம்.”

“இப்பிடி வருமெண்டு உங்களுக்கு அண்டைக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். காத்திருந்தவர்களில் ஒருவரின் மவுஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கடை இலக்கம் பதினைந்து வருட இலக்கம், மாற்றவும் ஒண்ணாது என்றார், என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல்.

அன்று மாலைவரை அங்கேயே இருந்தேன். அடிக்கடி வரும் கேள்விகள் ஏழு. ஏழுக்கும் பதிலைப் பெரிய எழுத்தில் அடித்து, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ஒட்டி முடிக்க முன்னமே போன் அடித்தது. நானா சுவரையும் என்னையும் பார்த்தார். எட்டாவது கேள்வியாக இருக்கும் என்று இருவருக்குமே தோன்றியது. கையை நீட்டினேன். தந்தார்.

ஏழு நாளும் இருந்த வேலை இப்போது சனிக்கிழமைக்குச் சுருங்கியிருக்கிறது. மற்ற நாட்களில் அவர் சுவரைப் பார்த்து வாசிக்கிறார், முடியாததைக் குறித்து வைக்கிறார். சனிக்கிழமை நான் ஒன்பதரை பஸ்ஸில் கடைக்குப் போய் இறங்கி, அந்தக் குறிப்பிலுள்ள இலக்கங்களுக்கு ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.