சீலாவும் ஊழியும்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நான் திருகோணமலைத் துறைமுகத்தருகே ஒரு சிறிய மீன் ஆய்வு அலுவலகத்தில் வேலை செய்தேன். கரையோர ஊர்களிலிருந்து தாள்கள் வரும். எந்த மீன் எவ்வளவு பிடிபட்டது என்று அவற்றில் எழுதியிருக்கும். ஒவ்வொரு மீனின் பெயருக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, மாத முடிவில் கொழும்புக்கு அனுப்புவேன். அங்கே ஒரு கொம்பியூட்டர், வரும் ஆண்டுகளில் எந்த மீன் பெருகும், எது குறையும் என்று கணித்துச் சொல்லும்.

அந்த இயந்திரத்தை நான் பார்த்ததேயில்லை. குளிரூட்டிய அறையில் இருக்கிறது என்று மட்டும் கேள்வி. மத்தியானங்களில், ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் அசையாமல் மினுங்கிக் கிடக்கும்போது, அரைத் தூக்கத்தில் அந்த அறை எனக்குள் வரும். தண்ணீரில்லாத ஒரு கடல் அங்கே இருப்பதாகவும், நான் எழுதிய இலக்கங்கள் அதில் கூட்டங்கூட்டமாக நீந்துவதாகவும் தோன்றும்.

ஒருநாள் எங்கள் ஆய்வாளர் கொழும்பிலிருந்து வந்த நீளத் தாளை மேசையில் விரித்தார். அதில் சீலா மீனுக்கான கோடு சரிந்துகொண்டே போனது.

“சீலா முடியப்போகுது,” என்றார். “சல்லிப் பக்கம் வலை போடுறதைக் குறைக்கச் சொல்லி எழுதப்போறன்.”

சல்லி என்ற அந்தக் கரையோர ஊரில் எனக்குத் தெரிந்த மீனவக் குடும்பங்கள் இருந்தன. ஆனாலும் கோட்டோடு வாதாட எனக்கு என்ன இருந்தது? அந்தக் கடிதத்தை நானே தட்டச்சுச் செய்து உறையில் போட்டேன்.

மறுநாள் காலை, கிண்ணியாவில் எங்களுக்காக மீன் பதிவு செய்பவர், அண்ணன் என்ற பொருளில் நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், தாள்களைக் கொண்டுவந்தார். ஆய்வாளருக்கென்று ஒரு பெரிய மீனையும் ஓலையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். நீண்ட உடல், ஊசிப் பற்கள்.

“நல்ல சீலா,” என்றேன்.

“இது ஊழி, மிஸ்.”

“சல்லியில இதைத்தானே சீலா எண்டு சொல்லுறவை?”

“ஓம், அங்க அப்பிடித்தான். எங்கட பக்கம் ஊழி. மீன் ஒண்டுதான்.” பிறகு, பெரிதாக எண்ணாமலே சொன்னார்: “இப்ப மீன் வாங்கிற லொறி எங்கட கரைக்குத்தானே வருது. சல்லி வள்ளங்களும் எங்கட கரையிலதான் மீனை இறக்குது.”

ஒரே மீனுக்கு நான் இரண்டு இலக்கங்கள் கொடுத்திருந்தேன். சீலா எங்கும் போகவில்லை. கரை மாறி, பெயர் மாறியிருந்தது.

மீனையும் எடுத்துக்கொண்டு ஆய்வாளரிடம் போய், இரண்டு இலக்கங்களையும் காட்டினேன். “என்ர பிழை, சேர்.”

அவர் ஓலையை விலக்கி மீனைப் பார்த்தார். “நானும் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையே,” என்றார். “கடிதம் போட்டாச்சோ?”

“இன்னும் இல்லை.”

உறையை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

அதன் பின் சில மாதங்கள் நானும் நானாவும் கரை கரையாகத் திரிந்தோம். பஸ்ஸில் குச்சவெளிக்குப் போனோம். நாங்கள் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில் ஏறிக் கிண்ணியாவுக்குக் கடந்தோம். நான் அட்டையில் மீனை வரைவேன். அவர் பெயர்களைக் கேட்டுச் சொல்வார். குச்சவெளியில் அண்ணனும் தம்பியும் ஒரு மீனுக்கு வெவ்வேறு பெயர் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். இரண்டையும் எழுதினேன். உப்புக் காற்றில் மை பரவியது. திரும்பும் வழியில் கண்ணை மூடினால் பெயர்கள் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து வரும்.

புதிய பட்டியலின்படி பழைய தாள்கள் எல்லாவற்றையும் மறுபடி எழுதி அனுப்பினோம். சீலாவின் கோடு இம்முறை சிற்றலைபோல ஏறியிறங்கிப் போனது. ஆனால் நான்கு பெயர்களில் சிதறிக் கிடந்த ஒரு சிறு காரல் மீன் உண்மையாகவே குறைந்துகொண்டிருந்தது. ஆய்வாளர் அதைப் பற்றி எழுதினார். நான் கிண்ணியாவில் அதை வாசித்துக் காட்டினேன். “எங்களுக்குத் தெரியும்,” என்றார் ஒரு மீனவர். “ஆரும் கேட்டாத்தானே.”

பட்டியலின் பிரதிகளை மற்றக் கரைகளுக்கும் அனுப்பினோம். ஒரு பிரதி தென்கரையிலிருந்து திரும்பி வந்தது. என் ஓவியங்களுக்குக் கீழே யாரோ வட்ட வட்டமான சிங்கள எழுத்தில் பெயர்களைச் சேர்த்திருந்தார்கள். எனக்கு வாசிக்க ஏலவில்லை. எங்கள் அலுவலகத்தில் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, அவரைத் தொடர்ந்து நானும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.